ஒரு வாரத்து அழுக்கு 18 கிலோ

வாஷிங் மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் எங்கள் வீட்டு அழுக்குத் துணியை எடை போட்டேன். உடல் எடை பார்க்கும் மெஷின் மீது துணிக்கூடையோடு ஒரு முறை, காலிக் கூடையோடு ஒரு முறை ஏறி நின்று கழித்துக் குறித்துக்கொள்வேன். "துணியை எடை போடுறியா, இல்ல அந்தச் சாக்குல உன்னையா?" என்றார் கணவர். இரண்டும்தான்.

நான், கணவர், பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். ஏழு நாளில் 18 கிலோ சேர்ந்தது. வார நாட்களில் தினம் 2 கிலோவை ஒட்டி வந்தது. சனி, ஞாயிறில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டுகள் எல்லாம் சேர்ந்து 8 கிலோ.

இந்தக் கூத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடம் உழைத்த எங்கள் செமி ஆட்டோமேட்டிக் ஒரு நாள் சுற்றுவதை நிறுத்திவிட்டது. கடைக்குப் போனோம். விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி "வீட்டில் எத்தனை பேர்?" ஐந்து என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 9 கிலோ மெஷின்கள் இருந்த பக்கம் கூட்டிப்போய்விட்டார். எல்லாமே நாங்கள் மனதில் வைத்திருந்த தொகைக்கு மேலே. ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கிலோ சொல்வது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டுச் செருப்பு அளவு சொல்வது மாதிரி. ஒரு தடவைக்கு எவ்வளவு போடப்போகிறோம் என்பதுதான் கணக்கு. தினமும் போடுகிற வீட்டுக்கும் வாரம் ஒரு முறை போடுகிற வீட்டுக்கும் ஒரே மெஷின் எப்படிப் பொருந்தும்?

மெஷின் மீது எழுதியிருக்கும் கிலோ, காய்ந்த பருத்தித் துணியின் எடை. அதுவும் முழு நீளப் பருத்தி புரோகிராமுக்கு மட்டும். பாலியஸ்டர் போன்ற துணி என்றால் அதில் பாதி, கம்பளி என்றால் இன்னும் குறைவு. கால் மணி நேரத்தில் துவைத்துத் தருகிறேன் என்கிற 'குயிக்' புரோகிராம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோவுக்குத்தான். ஒரு குளியல் துண்டு அரைக் கிலோவைத் தாண்டும். ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல். சட்டை 200 கிராம். இரண்டு பேர் படுக்கும் விரிப்பு ஒரு கிலோவை நெருங்கும். இதைத் தெரிந்துகொண்டால் 7 கிலோ என்பது எவ்வளவு பெரிய குவியல் என்று புரியும். எங்கள் 18 கிலோவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 கிலோ, வார இறுதியில் இரண்டு தடவை. 7 கிலோ மெஷின் தாராளம். தடிமனான கம்பளிப் போர்வை மட்டும் அதில் அடங்காது. எடை காரணமில்லை, பருமன்தான் காரணம். வருடத்தில் இரண்டு முறை வரும் போர்வைக்காக மீதி நாளெல்லாம் பெரிய டிரம்மைப் பாதி காலியாகச் சுற்றவிட எனக்கு மனசில்லை. போர்வையை வெளியே கொடுத்துத் துவைத்துக்கொள்கிறோம்.

மறுபடியும் செமி ஆட்டோமேட்டிக்கே வாங்கிவிடலாமா என்றும் யோசித்தோம். விலை குறைவு. குழாயில் தண்ணீர் சொட்டினாலும் வாளியில் ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைத் துணி துவைத்த அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, அதற்கப்புறம் மிதியடி என்று மூன்று சுற்று ஓட்டலாம். ரிப்பேரும் எளிது. தண்ணீர் எப்போதாவதுதான் வரும் வீட்டில், ஆள் எப்போதும் இருக்கும் வீட்டில் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் பழைய மெஷினில் ஒரு லோடு போட்டு முடிக்க எத்தனை முறை நடந்தேன் என்று கடைசி நாட்களில் எண்ணியிருந்தேன். தண்ணீர் பிடித்து விட, அழுக்குத் தண்ணீரைத் திறந்து விட, அலசத் தண்ணீர் பிடிக்க, அதைத் திறந்து விட, இன்னொரு அலசல், அப்புறம் ஈரத் துணியைத் தூக்கி ட்ரையரில் போட. ஏழு முறை. துவைக்க ஆனது 50 நிமிடம். அதில் நான் நின்றது 20 நிமிடம். மிச்ச 30 நிமிடமும் என்னுடையது இல்லை, காது அந்தப் பக்கமே இருக்கும். மலிவு என்று நாங்கள் வாங்கிய மெஷின் எங்களிடம் வாரம் நான்கு தடவை இப்படி வசூல் பண்ணிக்கொண்டிருந்தது. மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது எனக்குப் பெரிதில்லை, ஆள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் பெரிது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு கடையில் எந்த மாடலைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் அதன் மேல் போட்டுப் பார்த்தேன்.

நிற்கிற அந்த ஆள் எப்போதும் நானும் இல்லை. நான் அலுவலகத்தில் இருக்கும்போது துணியை எடுத்துப் போடுவது மாமியார். அவரையும் கடைக்குக் கூட்டிப்போனோம். முன்னால் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு குனிய வைக்கும், மேலே மூடி உள்ள டாப் லோடுதான் வயதானவர்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். "அத்தை, உள்ளே கையை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்க" என்றேன். அத்தை உயரம் குறைவு. எம்பிப் பார்த்தார், விரல் அடியில் படவில்லை. "கடைசித் துணியை எடுக்க நானும் உள்ள இறங்கணும் போல இருக்கேம்மா" என்றார். ஃப்ரண்ட் லோடு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபோது எல்லாம் கைக்கு எட்டியது. எந்த நட்சத்திரக் குறியீடும் சொல்லித்தராத விஷயம் இது. மெஷினை உபயோகிக்கப் போகிறவரைக் கூட்டிப்போய் நிறுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, ஃப்ரண்ட் லோடு என்று ஆனது. விலை கூடுதல்தான். எங்கே திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தேன். நாங்கள் ஒப்பிட்ட இரண்டு மாடல்களில் டாப் லோடு ஒரு தடவைக்கு 115 லிட்டரும், ஃப்ரண்ட் லோடு 55 லிட்டரும் எடுப்பதாகக் கையேட்டில் இருந்தது. வாரத்துக்கு 4 தடவை என்று வைத்தாலே வருடத்துக்கு 12,480 லிட்டர் வித்தியாசம். டாப் லோடில் துணி தண்ணீரில் மிதந்தாக வேண்டும். ஃப்ரண்ட் லோடில் துணி நனைந்தால் போதும். டிரம் அதைத் தூக்கிப் போட்டுப் போட்டு அடிக்கும், கல்லில் அடிப்பது மாதிரி.

நேரம் மட்டும் அதிகம். டாப் லோடு ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதை இது இரண்டரை மணி நேரம் ஓட்டும். முதலில் எனக்கும் எரிச்சலாக இருந்தது. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதிப் பொறியாளர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டியிருக்கிறார். அழுக்கு போக நாலு விஷயம் வேண்டும்: சூடு, சோப்பு, அடி, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். சிக்கன புரோகிராம் சூட்டையும் தண்ணீரையும் குறைத்துவிட்டு நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்கிறபோது அது இரண்டரை மணி நேரம் ஓடினால் எனக்கென்ன?

மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.7 யூனிட் ஆகும். 40 டிகிரி போதும் என்றால் அதில் பாதி. மோட்டார் சுற்றுவதற்கு ஆவது இதன் பக்கத்தில் சொற்பம். அதனால் அன்றாடத் துணிக்கு 30 அல்லது 40, துண்டுக்கும் விரிப்புக்கும் 60 என்று வைத்திருக்கிறோம். சோப்பில் இருக்கும் என்சைம்களுக்கும் இளஞ்சூடுதான் பிடிக்கும். ரத்தக் கறையை மட்டும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சூடு பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

பிழிகிற வேகத்தைப் பற்றி விற்பனையாளர்கள் பெரிதாகப் பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. துணி மேல் விழும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நிமிடத்துக்கு 800 சுற்றிலிருந்து 1200 சுற்றுக்குப் போனால் விசை இரண்டேகால் மடங்கு. 4 கிலோ பருத்தித் துணியில் 800 சுற்று பிழிந்த பின் ஏறக்குறைய 2.8 லிட்டர் தண்ணீர் தங்கும்; 1200-இல் 2 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட வேண்டிய மழை நாட்களில் அந்த முக்கால் லிட்டர் பெரிய விஷயம். 1400-க்கு மேலே கூடுதல் பணம் தர எனக்குக் காரணம் தெரியவில்லை. சுருக்கம்தான் அதிகமாகும், இஸ்திரி போடுகிறவர் என்னைத் திட்டுவார். (அவர்தான் என் கணவர்.)

வைஃபை, நீராவி, 15 புரோகிராம் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். நாங்கள் உபயோகிப்பது மூன்றே மூன்று புரோகிராம். அந்தப் பணத்தை வைத்து வேறு இரண்டு கேள்வி கேட்டோம். முதலாவது, மோட்டாருக்கு 10 வருட வாரண்டி என்கிறீர்களே, மீதிக்கு? பம்ப், கதவுப் பூட்டு, சர்க்யூட் போர்டு, டிரம் சுற்றத் தாங்கும் பேரிங் இவைதான் படுத்துகிற உறுப்புகள். பல மாடல்களில் இவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் உத்தரவாதம் இருக்காது. இரண்டாவது, டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித் தொட்டி திருகாணி போட்டதா, ஒட்டி மூடியதா? இப்போது வருகிற பல மெஷின்களில் அது ஒட்டியே வருகிறது. பேரிங் போனால் தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். பாதி மெஷின் வாங்குகிற செலவு. இதைக் கடையில் கேட்டால் முழிப்பார்கள். பழைய மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக்கைத்தான் கேட்டேன், இரண்டு மாடல்களின் பெயரை யோசிக்காமல் சொன்னார். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மோட்டார் சத்தம் குறைவு, பெல்ட்டும் கார்பன் பிரஷும் உள்ள பழைய மோட்டார் விலை குறைவு. அந்த பிரஷ் தேய்ந்தால் மாற்றுவது சின்ன வேலை என்பதும் அவர் சொன்னதுதான். எந்த கம்பெனி என்பதைவிட, கூப்பிட்டால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்தோம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் செய்தோம், அதைச் செய்ததற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். மெஷின் வரப்போகிற குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். ஒன்றேகால் நிமிடம். அந்த மாடலுக்கு நிமிடத்துக்கு 8 லிட்டராவது வேண்டும். விளிம்பில் தேறினோம். தொட்டி மொட்டை மாடியிலும் குழாய் அதற்கு நேர் கீழே மேல் தளத்திலும் இருந்தால் அழுத்தம் போதாது. 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். பல மெஷின்கள் குறைந்தது அரை பார் கேட்கும், அதாவது 5 மீட்டர். இது தெரியாமல் வாங்கினால், மெஷின் தண்ணீருக்காகக் காத்திருந்து காத்திருந்து பிழை காட்டி நின்றுவிடும், நீங்கள் மெஷினைத் திட்டுவீர்கள்.

இவ்வளவு ஆராய்ச்சி பண்ணியவள் முதல் நாளே கோட்டைவிட்டேன். டெலிவரிக்கு வந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டு, பொருத்துகிறவர் நாளைக்கு வருவார் என்று போய்விட்டார்கள். நாளை வரை யார் பொறுப்பது? ட்யூபை நாங்களே மாட்டி ஓட்டினோம். துவைத்தது, அலசியது, பிழிய ஆரம்பித்ததும் மெஷின் குதித்துக்கொண்டு சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டது. அத்தை பூஜையை விட்டு ஓடிவந்தார். பின்பக்கம் நாலு நீளமான போல்ட். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க முடுக்கியது; ஓட்டுவதற்கு முன் கழற்றியே ஆக வேண்டும். கையேட்டின் முதல் பக்கங்களில் படம் போட்டே இருக்கிறது. நல்லவேளை, உடைசல் எதுவும் இல்லை. அந்த போல்ட்டுகளைத் தூக்கிப்போடாமல் உறையில் போட்டு மெஷின் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன், வீடு மாறினால் வேண்டும். மறுநாள் வந்தவர் மட்டக்கோல் வைத்து நாலு காலையும் சமன் செய்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஹீட்டர் மட்டும் 2000 வாட் இழுக்கும். அதற்கென்று எர்த்தோடு தனி சாக்கெட் வேண்டும்.

சோப்பு விஷயத்தில்தான் வீட்டில் உண்மையான போராட்டம். அத்தைக்கு நுரை வந்தால்தான் துவைத்த மாதிரி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "நுரையே காணோமேம்மா, அழுக்கு எப்படிப் போகும்?" என்று இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். ஃப்ரண்ட் லோடில் நுரை எதிரி. துணி விழுந்து அடிபட வேண்டும். நுரை மெத்தை மாதிரி தாங்கிப் பிடித்துவிடும். அலசினாலும் போகாமல் துணியில் தங்கும், டிரம்மின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்க அதுவே தீனி. நான் வாதாடவில்லை. சுத்தமாகத் துவைத்துக் காய்ந்த துண்டுகள் நாலை எடுத்து, சோப்பே போடாமல் இளஞ்சூட்டில் ஓட்டிக் காட்டினேன். கதவு வெள்ளையாக நுரைத்தது. "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். போன வாரத்துச் சோப்பு, அத்தை. அன்றிலிருந்து அளவு மூடியில் மார்க்கர் கோடு போட்டிருக்கிறோம், கோட்டுக்கு மேலே யாரும் ஊற்றக் கூடாது.

உப்புத் தண்ணீர் என்றால் அந்தக் கோடு கொஞ்சம் மேலே ஏறும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படியும். குழாய் நுனியில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் மெஷினுக்குள்ளும் கட்டுகிறது. பொருக்கு நீக்கும் பொடியைக் கையேட்டில் சொன்னபடி காலி மெஷினில் போட்டு ஓட்டலாம். அது பெரும்பாலும் அமிலம், குளோரின் பிளீச்சோடு சேரவே கூடாது, நச்சு வாயு வரும். துணி மிருதுவாக்கும் திரவத்தைத் துண்டுக்குப் போடாதீர்கள், ஈரம் உறிஞ்சாது.

ஆறாவது மாதம் நமத்த வாடை வர ஆரம்பித்தது. துவைத்த துணியிலேயே. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதைப் பற்றி விவரமாக எழுதப்போவதில்லை. காரணம் நாங்கள்தான். அதுவரை எப்போதும் பச்சைத் தண்ணீர், எப்போதும் லிக்விட் சோப்பு, முடிந்ததும் கதவை இறுகச் சாத்திவிடுவது. இப்போது கடைசியாகத் துணி எடுப்பவர் மடிப்பைத் துடைத்துவிட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை 60 டிகிரிக்கு மேல் காலியாக ஒரு ஓட்டம், அதுவும் பவுடரோடு. லிக்விடில் இல்லாத ஆக்சிஜன் பிளீச் பல பவுடர்களில் உண்டு, பூஞ்சைக்கு அதுதான் மருந்து. தவழுகிற குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் மெஷின் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். மெஷினில் இருக்கும் 'சைல்டு லாக்' பல மாடல்களில் பொத்தான்களைத்தான் பூட்டும், கதவை இல்லை.

அடுத்த மாதம் தண்ணீர் வெளியேறாமல் நின்றது. மெக்கானிக் வந்தார். கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, குட்டி ட்யூப் வழியாகத் தட்டில் தண்ணீரை வடித்து, ஃபில்டரைத் திருகி எடுத்தார். இரண்டு நாணயம், ஒரு ஹேர்பின், பாதி ரப்பர், சின்னவளுடைய பொம்மையின் கை. மொத்தம் நாலு நிமிடம். "இதுக்கு நான் வரணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டார், நியாயம்தான். இப்போது பைகளைத் துழாவுவது பிள்ளைகள் வேலை. கிடைக்கிற நாணயம் அவர்களுக்கே. அதற்கப்புறம் ஃபில்டரில் எதுவுமே சிக்குவதில்லை.

தினசரி ஓட்டம் இப்படி: இரவு படுக்கும் முன் துணியைப் போட்டு, காலை 5 மணிக்கு ஆரம்பிக்கும்படி வைத்துவிடுவோம். நள்ளிரவில் ஓட்டுவதில்லை, ட்யூப் கழன்றால் பார்க்க ஆள் வேண்டும். அத்தை 5 மணிக்கு எழுந்துவிடுவார். ஏழரைக்குள் முடிந்து, கிளம்பும் முன் கொடிக்குப் போய்விடும். கனமான துணியோடு கனமானது, லேசானதோடு லேசானது. மிதியடியை மட்டும் தனியாகப் போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெஷின் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்துப் பிழியாமலே விட்டுவிடும், கூட இரண்டு துண்டைப் போட வேண்டும். டிரம்மின் மேல்பக்கம் ஒரு உள்ளங்கை நுழைய இடம் இல்லாவிட்டால் அது அதிகம். காலுறைகள் ஜோடி பிரியாமல் வலைப்பையில்.

நான் நிற்கும் நேரம் 20 நிமிடத்திலிருந்து போடவும் எடுக்கவுமாக 6 நிமிடமாகிவிட்டது. அந்தப் பெருமையில் போன மாதம் மறுபடியும் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். 23 கிலோ. வீட்டில் அதே ஐந்து பேர்தான். யாரும் வளர்ந்து துணி பெரிதாகவில்லை, யாரும் சேற்றில் புரளவில்லை. கணவரைக் கூப்பிட்டு, தராசில் நின்றபடியே கூடையைக் காட்டினேன். பெரியவனுடைய கூடையைக் கவிழ்த்தோம். அடியில் மூன்று சட்டைகள், போன லோடில் துவைத்து நான் மடித்து அவன் கட்டிலில் வைத்தவை, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. அலமாரியில் அடுக்குவதைவிட அழுக்குக் கூடை அவனுக்குப் பக்கமாம்.